பழைய கம்ப்யூட்டர் வாங்கி ஓடவைக்க: தாராவியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு கல்லியில் (சந்தில்) குடியிருக்கிறேன். பகலில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் யாராவது ஒரு சிபியுவைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். (அந்தப் பெட்டி முழுவதையும் சிபியு என்று சொல்வது தவறு என்று படித்தவர்கள் திருத்துவார்கள். மும்பையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் போய் வேறு பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியாது. நானும் சிபியு என்றே எழுதுகிறேன்.) ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கையில்தான் ஃபோன் இருக்கிறதே, பழைய கம்ப்யூட்டர் எதற்கு?

படம் பார்க்க, பேச, பணம் அனுப்ப ஃபோன் போதும். ஆனால் உங்கள் பிள்ளை எம்எஸ்-சிஐடி (மகாராஷ்டிராவின் அடிப்படைக் கம்ப்யூட்டர் படிப்பு) படிக்கிறாள், அல்லது அரசுத் தட்டச்சுத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல் வேகம் வேண்டும் என்றால் கட்டைவிரலால் முடியாது. பயோடேட்டா, கடைக் கணக்கு, கல்லூரி ப்ராஜெக்ட், கொஞ்சம் பைத்தான் (நிரல் எழுதும் மொழி) என்று எல்லாவற்றுக்கும் பத்து விரலும் ஒரு பெரிய திரையும் வேண்டும்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. புது லேப்டாப்பைத் திறக்க யாருக்கும் மனசு வராது, வாரண்டி போய்விடும் என்று பயம். பழைய டெஸ்க்டாப் என்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே கைவைக்கலாம். ராம் (வேலை நடக்கும்போது மட்டும் வைத்திருக்கும் நினைவகம்) எது, டிஸ்க் (கோப்புகள் தங்கும் இடம்) எது என்று தொட்டுப் பார்த்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் மேல் இருக்கிற மிரட்சி அன்றைக்கே போய்விடும்.

மும்பையில் எங்கே வாங்குவது?

லேமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் டாக்ஸிக்காரரே யோசிப்பார். மாஹிமில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்குங்கள். கிழக்குப் பக்கம் வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான். தெருவைப் பார்த்த கடைகளில் புதுசு அதிகம். பழசு மாடியிலும் சந்துக்குள்ளும் கிடைக்கும்.

அங்கே விற்கும் பழசில் பெரும்பாலானவை கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிட்ட பெட்டிகள்: டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். இவற்றைத்தான் நானும் வாங்கச் சொல்கிறேன். ஏசி அறையில் இருந்தவை, உள்ளே யாரும் நோண்டியிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு கேபினெட்டில் கிடைத்த பாகங்களைப் போட்டுக் கட்டிய 'அசெம்பிள்ட்' பழசு இதைவிட மலிவாகக் கிடைக்கும். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பாதிக் கடை பூட்டியிருக்கும்.

கடைக்காரர் 'ஐ5 இருக்கு' என்கிறார். வாங்கலாமா?

ஐ5 என்பது இன்டெல் ப்ராசஸரின் (பெட்டியின் மூளை) குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவும் அதே பெயர், பேரனும் அதே பெயர். எந்தத் தலைமுறை என்பது பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ5-2400 என்றால் 2-ம் தலைமுறை, 2011 காலத்தது. 3470 என்றால் 3-ம் தலைமுறை, 4570 என்றால் 4, 6500 என்றால் 6, 8500 என்றால் 8. நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும். ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு: 10400 என்பது 10-ம் தலைமுறை. மூன்றே இலக்கம் என்றால் அது எல்லாவற்றுக்கும் முந்தைய முதல் தலைமுறை, விட்டுவிடுங்கள். அதற்கும் முந்தைய கோர் 2 டுவோவை யாராவது சும்மா தந்தால் வாங்கிக்கொள்ளலாம், காசு கொடுத்து வேண்டாம்.

படிப்பு, டைப்பிங், இணையம், யூடியூப் இவ்வளவுக்கும் 4-ம் தலைமுறை ஐ5 தாராளம். பையில் கொஞ்சம் கூடக் காசு இருந்தால் 8-ம் தலைமுறைக்குப் போங்கள். காரணம் விண்டோஸ் கேள்வியில் வருகிறது.

கடையிலேயே என்னென்ன பார்க்க வேண்டும்?

போனதும் பெட்டியின் பின்பக்கம் கைவையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓடவைத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். சில பழைய போர்டுகள் குளிர்ந்த நிலையில் மட்டும் அடம்பிடிக்கும், சூடானால் ஒழுங்காக ஓடும். எனவே அணைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் கண் முன்னால் குளிர்ந்த பெட்டி ஆன் ஆக வேண்டும்.

ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரை) போங்கள். டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோ டெஸ்க்டாப்பில் எஃப்1. ப்ராசஸர் எண், ராம் அளவு, டிஸ்க் மூன்றும் சொன்னபடியே இருக்கிறதா பாருங்கள். உள்ளே போக பாஸ்வேர்ட் கேட்டால் அங்கேயே கடைக்காரரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். 'வீட்டுக்குப் போங்க, ஃபோன்ல சொல்றேன்' என்றால் அந்தப் பெட்டி வேண்டாம்.

அடுத்து டிஸ்க். நான் முதன்முதலில் வாங்கியபோது இதைத்தான் பார்க்கவில்லை. சந்துக்குள் ஒரு கடை. 'எக்தம் நியூ கண்டிஷன், சேட்' என்றார். மேலே துடைத்து பளபளவென்று இருந்தது. மூன்றாம் வாரம் உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம், அன்று ராத்திரியே டிஸ்க் போய்ச் சேர்ந்தது. தங்கையின் காலேஜ் ப்ராஜெக்டும் கூடவே போயிற்று. கொடுத்திருந்தது 7 நாள் டெஸ்டிங் வாரண்டி. சண்டை போட்டும் பிரயோஜனமில்லை. டிஸ்க் சாவதற்கு ரெண்டு நாள் முன்புதான் ஒரு நண்பன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டியிருந்தான்: ஓடிய நேரம் 41,000 மணிக்கு மேல். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். அதாவது இடைவிடாமல் நாலரை வருஷத்துக்கும் மேலாகச் சுற்றிய டிஸ்க்.

அன்றிலிருந்து அந்த மென்பொருளை பென் டிரைவில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் பதிப்பு இருக்கிறது. அதில் 'ரீஅலொகேட்டட் செக்டார்ஸ்', 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்று இரண்டு வரிகள் உண்டு. அந்த வரிகளின் கடைசிக் கட்டத்தில் முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நல்லது. வேறு எண் இருந்தால் டிஸ்க்கை மாற்றிக் கேளுங்கள், அல்லது டிஸ்க்கே இல்லாமல் விலை குறைத்து வாங்குங்கள்.

பிறகு எல்லா யூஎஸ்பி துளைகளிலும் ஒவ்வொன்றாகப் பென் டிரைவைச் செருகுங்கள், ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ வேண்டாம்.

கடைசியாகப் பில். பெட்டியின் சீரியல் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். இதில் வெட்கப்படவே கூடாது. திருட்டுப் பெட்டி உங்கள் தலையில் விழுந்தால் போலீஸிடம் காட்ட உங்களிடம் வேறு ஒன்றும் இருக்காது.

என்ன விலை?

பேரத்துக்கு ஏற்ப மாறும். போன வருஷம் எதிர்வீட்டுத் தம்பிக்கு 4-ம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றாத, வேகமான டிஸ்க்) போட்ட சிபியு 5,500 ரூபாய்க்கு முடித்தேன். மானிட்டர் தனி. சொன்ன விலை 7,500. மூன்று கடை ஏறி இறங்கினால் விலை தானாக இறங்கும்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

இடம் இருந்தால் டெஸ்க்டாப். பழைய லேப்டாப்பில் பேட்டரி செத்திருக்கும், கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது, திறந்து சரிசெய்வது சிரமம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் இருக்கிறோம், மேசை போட இடமில்லை என்றால் லேப்டாப்தான், வேறு வழியில்லை. அப்போது அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கலாம், அதைச் சார்ஜ் போடவே கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது? தொட்டால் ஷாக் அடிக்கிறதே?

தரையில் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம் ஆட்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு வேண்டாம், சாதாரண ஜூலை மழைக்கே நம் கல்லியில் வாசற்படி தாண்டித் தண்ணீர் வரும். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதன்மேல் வையுங்கள். பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும், சூடு போக. மாலாவில் (மேல் பரணில்) ஏற்றிவிடுவதும் தப்பு. தகரக் கூரைக்கு அடியில் மே மாதச் சூட்டில் நமக்கே அங்கே உட்கார முடியாது.

மழைக்காலத்தில் பல நாள் சும்மா போட்டு வைக்காதீர்கள். தினம் அரை மணி நேரம் ஓடினால் உள்ளே ஈரம் தங்காது.

ஷாக் விஷயம் முக்கியம். தகட்டைத் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்று இருந்தால் உங்கள் ப்ளக் பாயிண்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை மாற்றித் தரும் டப்பா) எர்த் இருப்பதாக நம்பிச் செய்யப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் கொஞ்சம் மின்சாரம் தகட்டிலேயே நிற்கும். மூன்று முள் ப்ளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் துளையில் செருகுகிற வேலை நம் பக்கம் நிறைய நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். சுரீர் என்பதைத் தாண்டி உதறித் தள்ளுகிற மாதிரி அடித்தால் உடனே ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அது வேறு கோளாறு.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் எந்தக் காலத்திலும் பிரிக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் டிசி ஆகிறது. ப்ளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். சில பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 230 என்று காட்ட வேண்டும். 115-ல் இருக்கும்போது ஆன் செய்தால் பட்டாசு வெடிக்கும்.

எந்த வயரை எதில் மாட்டுவது?

பயமே வேண்டாம், தப்பான துளையில் அனேகமாக நுழையாது. ஊதா வட்டத்தில் கீபோர்ட், பச்சை வட்டத்தில் மௌஸ், யூஎஸ்பி என்றால் எதிலும். பச்சை நிற ஆடியோ துளையில் ஸ்பீக்கர். மானிட்டருக்கு மூன்று வரிசையில் 15 முள் உள்ள நீல நிற விஜிஏ கேபிள், அல்லது எச்டிஎம்ஐ. விஜிஏவின் இரண்டு பக்கத் திருகுகளையும் முறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் படம் மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரியும்.

ஒரே ஒரு பொறி உண்டு. பெட்டியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் பின்னால் மானிட்டர் துளை இரண்டு இடத்தில் இருக்கும். கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் துளையில் மாட்டுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கருப்பு. போச்சா?

பத்தில் ஏழு தடவை ஒன்றும் போயிருக்காது. என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள்.

அடுத்த கல்லியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருத்தர் இருக்கிறார். மகன் பன்னிரண்டாவது படிக்கிறான். ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு, 'தம்பி, டப்பா செத்துப் போச்சு, பரீட்சை வேற வருது' என்று வந்து நின்றார். போய்ப் பார்த்தால் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே சிபியு. தகட்டைக் கழற்றினேன். ஹீட் சிங்க் (ப்ராசஸரின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டு) தெரியவே இல்லை, பழைய கம்பளித் துண்டு ஒன்றைச் சுற்றி வைத்த மாதிரி தூசி. ஃபேன் இறக்கைகளில் அரிசி மாவு ஆவியோடு சேர்ந்து காய்ந்து அப்பளமாக ஒட்டியிருந்தது. விரலால் உரித்தால் செதில் செதிலாக வந்தது.

ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தேன். தகட்டைத் தொட்டுக்கொண்டேன், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் போய்விடும். பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை வெளியே தள்ளினேன். ஃபேனைத் துடைக்கும்போது விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழல விடக்கூடாது. அப்புறம் ராம். இரண்டு ஓரத்திலும் உள்ள கிளிப்பை விலக்கினால் பட்டை மேலே எழும். அதன் அடியில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். பையனின் பென்சில் ரப்பரையே வாங்கி அந்தப் பற்களின்மேல் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் கருப்பானது. பொடியை ஊதிவிட்டு, பள்ளம் பொருந்துகிற பக்கமாக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் கேட்டால் சரியாக உட்காரவில்லை. ஆன் செய்ததும் படம் வந்துவிட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது, ரப்பர் செய்த வேலை அது.

அப்படியும் வராவிட்டால் இரண்டு ராம் பட்டையில் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. பீப், பீப் என்று சத்தம் வந்தால் எத்தனை முறை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். அந்த எண்ணிக்கைக்கு அர்த்தம் உண்டு, மாடல் பெயரோடு தேடினால் கிடைக்கும். பத்து நிமிஷம் ஓடிவிட்டுத் தானாக அணைந்தால் அது சூடு. ப்ராசஸருக்கு மேல் உள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிது வைத்தால் போதும்.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறது, இணையதளம் எதுவும் திறக்கவில்லை.

இரண்டும் ஒரே நோய். போர்டில் வட்டமாக ஒரு காசு பேட்டரி இருக்கும், சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், அதனால்தான் அந்த எண். அது தீர்ந்துவிட்டால் பெட்டிக்கு நேரம் நினைவிருக்காது. தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றையும் நம்பாது, எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை காட்டும். வாட்ச் கடையிலேயே பேட்டரி கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும்.

ரொம்ப மெதுவாக ஓடுகிறது. ராம் கூட்டவா?

முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். பழைய சுற்றும் டிஸ்க் ஒரு நொடிக்கு 100, 150 மெகாபைட் படிக்கும், அதுவும் கோப்பு ஒரே இடத்தில் இருந்தால்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 வரை போகும். அதைவிடப் பெரிய வித்தியாசம், சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஊசி அலைகிற நேரமே இதில் இல்லை. இரண்டு நிமிஷம் எடுத்த பெட்டி இருபது நொடியில் எழுந்து நிற்கும். பழைய பெட்டிக்கு நீங்கள் செய்யும் செலவில் இந்த ஒன்றுக்குத்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்வேன்.

ராம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள், 8 இருந்தால் விடுங்கள். வாங்கும் முன் பழைய பட்டையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ராமில் டிடிஆர்3 வகைக்கும் டிடிஆர்4 வகைக்கும் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் நுழையாது. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் போர்டு போய்விடும்.

விண்டோஸா, லினக்ஸா?

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆதரவு முடிந்தது என்றால் ஓடாது என்று அர்த்தமில்லை. புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் வழக்கம்போல அடைத்துத் தர மாட்டார்கள். வங்கி வேலை செய்கிற பெட்டிக்கு அது ஆகாது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ம் தலைமுறைக்கு மேலும் வேண்டும். கூடக் காசிருந்தால் 8-க்குப் போங்கள் என்றது இதற்காகத்தான். பழைய பெட்டியிலும் 11-ஐக் குறுக்குவழியில் ஏற்றித் தருகிற கடைகள் உண்டு. ஓடும், ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்காது, ஒரு பெரிய அப்டேட்டில் நின்றுபோகலாம். கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது, அந்தப் ப்ராசஸரில் தேவையான கட்டளைகளே இல்லை.

'நூறு ரூபாய் கொடுங்க, ஆக்டிவேட் பண்ணித் தரேன்' என்று பென் டிரைவோடு வருகிற பையனை வீட்டுக்குள் விடாதீர்கள். அந்த க்ராக் (திருட்டு ஆக்டிவேஷன் மென்பொருள்) உள்ளே என்ன செய்கிறது என்று அவனுக்கும் தெரியாது.

8-க்குக் கீழான தலைமுறைக்கு விண்டோஸுக்குப் பதிலாக நான் போடுவது லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இலவசம், எடை குறைவு, 4 ஜிபி ராமிலேயே சுகமாக ஓடும். 22-ம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கீழே இடது மூலையில் மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய மாதிரியே இருக்கும். லிப்ரேஆபீஸ் கூடவே வரும், அதில் வேர்ட் கோப்புகளைத் திறந்து திருத்தலாம், வேர்ட் வடிவத்திலேயே சேமிக்கலாம்.

லினக்ஸ் எல்லாருக்கும் சரிவராது. டாலி ஓட்டுகிறவர், ஃபோட்டோஷாப் வேலைக்காரர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து டெண்டர் போடுகிறவர் விண்டோஸிலேயே இருங்கள். எம்எஸ்-சிஐடி படிக்கிற பிள்ளைக்கும் வகுப்பில் காட்டுகிற அதே மென்பொருள் வீட்டில் இருப்பது நல்லது.

மின்ட்டை நானே போட முடியுமா?

முடியும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, ஏற்கெனவே ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள், ஏறக்குறைய 3 ஜிபி. அதை வெறுமனே காப்பி பண்ணினால் ஆகாது, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் வைத்து பென் டிரைவில் எழுத வேண்டும். பழைய பெட்டியில் செருகி ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விடாமல் தட்டுங்கள். பட்டியல் வரும், பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். அவசரப்படாமல் சத்தம், இணையம், திரை அளவு எல்லாம் சரியா என்று ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் முகப்பில் உள்ள இன்ஸ்டால் ஐகான். 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடு' என்பதை அழுத்தினால் பழையது எல்லாம் போய்விடும், அதற்கு முன் வேண்டியதை எடுத்து வையுங்கள். கடைசியில் கேட்கும் பாஸ்வேர்டைக் காலண்டர் பின்னால் எழுதி வையுங்கள். எழுதக் கூடாது என்பார்கள். மறந்துவிட்டு என்னிடம் வந்தவர்கள்தான் அதிகம்.

வைஃபை இல்லையே?

பழைய ஆபீஸ் பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது. ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், இணையம் வந்துவிடும். ஃபோன் சார்ஜும் ஆகும். தினமும் தேவை என்றால் யூஎஸ்பியில் செருகும் ஒரு வைஃபை டாங்கிள்.

தமிழில் டைப் செய்ய?

தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற தட்டச்சு அமைப்பு அது. உயிரெழுத்து இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். வலது கை விரல்கள் ஓய்வாக இருக்கும் இடத்திலேயே ப, ம, த, ந. அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வரும், புள்ளி அதுவே வைத்துக்கொள்ளும். இங்கிலீஷில் தட்டித் தமிழாக்குவது முதல் நாள் சுலபம், ஆனால் ன, ண, ந மூன்றுக்கும் தினம் தடுமாறுவீர்கள். இங்கே மராத்தி, ஹிந்தி மீடியத்தில் படித்து, தமிழை வீட்டில் மட்டும் பேசுகிற பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கமும் இதில் சேர்ந்து வருகிறது.

விண்டோஸ் 11-ல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கீபோர்ட் பட்டியலில் தமிழ்99 இருக்கும். மின்ட்டில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைப் போட்டுவிட்டு ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். மின்ட்டின் சாதாரண கீபோர்ட் பட்டியலிலும் அதே பெயரில் ஒன்று உண்டு, அதில் புள்ளி தானாக விழாது. இதனால் குழம்பியவர்கள் பலர்.

பெட்டிக்குள் முன்னால் வைத்திருந்தவரின் ஃபோட்டோ, கணக்கெல்லாம் அப்படியே இருக்கிறது.

பார்க்காமல் அழித்துவிடுங்கள். புதிதாக மின்ட்டோ விண்டோஸோ போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், கடைக்காரர் போட்டுக் கொடுத்ததை நான் நம்புவதில்லை.

நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் இதே கதைதான் நடக்கும். வெறும் குயிக் ஃபார்மட் போட்டால் கோப்புகளை மீட்டுவிடலாம். சுற்றும் டிஸ்க் என்றால் முழுவதும் மேலெழுதி அழியுங்கள், 500 ஜிபிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். விண்டோஸில் 'ரீசெட்' போடும்போது டிரைவைச் சுத்தம் செய்யவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள்.

எனக்கு ஐம்பது வயசு. மௌஸே பிடித்ததில்லை. எங்கே ஆரம்பிக்க?

சீட்டாட்டத்தில். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு சாலிட்டேர் வந்தபோது, சீட்டைப் பிடித்து இழுத்துப் போட்டே பலர் மௌஸ் பழகினார்கள். என் அம்மாவுக்கும் அப்படித்தான். முதல் நாள் மௌஸைத் தூக்கித் திரையில் வைத்துத் தேய்த்தார். இரண்டாம் நாள் டபுள் கிளிக்குக்கு நடுவே மூச்சு வாங்குகிற அளவு இடைவெளி விட்டார். அமைப்பில் போய் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்து, மௌஸ் அம்பைப் பெரிதாக்கினேன். பத்து நாளில் சீட்டு தானாக நகர்ந்தது.

அடுத்துக் கற்றுத் தந்தது கன்ட்ரோல்+இசட். எதைத் தப்பாக அழுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவர் தைரியமாகத் தட்ட ஆரம்பித்தார். அப்புறம் கன்ட்ரோல்+எஸ். மூன்றாவது வாரம் ஊர்ச் சங்கத்துச் சீட்டுப் பணக் கணக்கை லிப்ரேஆபீஸில் போட்டார், கூட்டல் தானாக வந்ததைப் பார்த்துவிட்டு நோட்டில் ஒரு தடவை கூட்டிச் சரிபார்த்தார். இப்போதும் சரிபார்க்கிறார்.

ஓடவே ஓடாத பழைய பெட்டியை என்ன செய்வது?

ராம், டிஸ்க், ஃபேன், வயர்களைக் கழற்றி வையுங்கள், யாருக்காவது உதவும். மிச்சத்தை தாராவியில் பழைய பொருட்களைப் பிரிக்கும் பகுதியான 13 காம்பவுண்ட் பக்கம் கொடுத்தால் எடைக்கு எடுப்பார்கள், ஆனால் வயரை எரித்துச் செம்பு எடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அந்தப் புகை நம் வீட்டுக்குத்தான் வரும். பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனங்கள் இருக்கின்றன, நாலைந்து வீட்டுப் பெட்டியைச் சேர்த்து வைத்தால் வந்து எடுத்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் கல்லிக்கான மூட்டை இப்போது என் வீட்டு மாலாவில்தான் இருக்கிறது. கழற்றின ராம் பட்டை, எச்டிஎம்ஐ கேபிள் ஏதாவது வேண்டும் என்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், வரும்போது பென்சில் ரப்பர் ஒன்று கொண்டு வாருங்கள்.